மாடியேறிய கொல்லை

வீட்டை ஒட்டி அமைந்த தோட்டத்தைச் சங்க இலக்கியங்கள் 'படப்பை' எனக் குறிப்பிடுகின்றன. இன்றைய பேச்சு வழக்கில் அது 'கொல்லை' எனப்படுகிறது. புதுச்சேரி நகருக்குத் தென்மேற்கே, வயல்கள் சூழ அமைந்த ஏம்பலம் போன்ற சிற்றூர்களில் திண்ணை விருந்தினரை வரவேற்றது. கொல்லை அவ்விருந்துக்குக் கறியும் இலையும் தந்தது. பாகப்பிரிவினையால் மனைகள் சுருங்கி, ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகும்போது முதலில் மறைவது கொல்லையே. இடம் மறைந்தாலும், அதனைப் பேணிய அறிவு மறைய வேண்டியதில்லை.

கொல்லை கற்பித்த நுட்பம்

கொல்லையில் எதுவும் வீணானதில்லை. பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. காய்கறித் தோலும் சாணமும் எருக்குழியில் மட்கி உரமாயின. வேலியோரம் ஊன்றிய முருங்கைப் போத்து தழைத்து, இரும்புச்சத்து மிகுந்த கீரையைத் தந்தது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழிக்கேற்பப் பந்தலடியில் நாட்டு அவரை ஊன்றப்பட்டது. பகற்பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் இயல்புடைய அக்கொடி, மார்கழி, தை மாதங்களில் காய்த்துக் குலுங்கியது. ஏட்டில் எழுதப்படாத தாவரவியல் அது.

மாடிக்கு மாற்றும் முறை

இவ்வறிவைச் சிறிய முற்றத்திற்கும் மாடிக்கும் கொண்டு செல்ல இயலும். நனைந்த மண் மிகுந்த எடையுடையது. ஆகவே செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பைகளில் நிரப்புதல் நன்று. நார்க்கழிவு எடையைக் குறைப்பதோடு ஈரத்தையும் காக்கிறது. பையின் அடியில் துளைகள் இல்லையெனில் வேர் அழுகும். அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும்.

கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணிநேர வெயில் தேவை. வெயில் குறைந்த மூலையில் வெற்றிலையும் கற்பூரவல்லியும் செழிக்கும். முளைக்கீரை ஏறத்தாழ 25 நாள்களில் பறிப்புக்கு வரும். அரிசி கழுவிய நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம்; சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு ஊற்றுதல் கூடாது. கோடையில் நிழல்வலையும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நல்ல வடிகாலும் இன்றியமையாதவை.

அரசின் துணை

தமிழ்நாடு அரசு 2013-14ஆம் ஆண்டில் சென்னை, கோயம்புத்தூர் மாநகரங்களில் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள் முதலியன அடங்கிய தொகுப்பு மானிய விலையில் வழங்கப்பட்டது. புதுச்சேரியில் குருமாம்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் வேளாண் பயிற்சிகளை அளித்து வருகிறது.

விதையும் அறிவும்

சில பைகளில் வளரும் செடிகள் ஒரு குடும்பத்தின் உணவுத் தேவை முழுவதையும் நிறைவு செய்துவிடா. எனினும் நஞ்சற்ற கீரையை அவை தரும். வெயிலில் காயும் காரைத் தளத்தின் வெம்மையைத் தணிக்கும். அனைத்திற்கும் மேலாக, பாட்டி சாம்பலில் புரட்டிச் சேமித்த அவரை விதைக்கு முளைக்க ஓர் இடம் கிடைக்கும். ஊன்றப்படாத விதை சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். அடுத்த தலைமுறையின் கைக்கு மாறாத அறிவும் அத்தகையதே.