பரண் மேல் ஒரு டி.வி.!

கே.கே. நகரில் எந்த வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் மூன்று ஐட்டங்கள் கியாரண்டி. கொலு பொம்மைப் பெட்டி, பித்தளை அண்டா, பழைய கம்ப்யூட்டர். முதல் இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு நாளாவது மரியாதை உண்டு. மூன்றாவதற்கு ஆயுத பூஜை அன்றுகூட ஒரு பொட்டு கிடையாது. பாவம், ஒரு காலத்தில் ஹாலில் சட்டை போட்டு (கவர்!) ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த வஸ்து!

எடைக்குப் போடலாம் என்றால், கொடுக்கிற காசு போகவர ஆட்டோவுக்குக் காணாது. சும்மா வைத்திருந்தால் வீட்டம்மா முறைக்கிறார். எனவே ஆபீஸ் போகும் இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி: ''இதுல டி.வி. பார்க்க முடியாதா ஸார்? கேபிள் பணமாவது மிச்சமாகுமே?''

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பது சென்னைக்குப் புதுசு இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் டி.வி. டியூனர் கார்டு சக்கைப் போடு போட்ட காலம் ஒன்று உண்டு. கேபினெட்டைத் திறந்து கார்டைச் சொருகி, பின்னால் கேபிள் ஒயரை மாட்டினால், பதினைந்து இஞ்ச் மானிட்டரில் ஒரு மூலையில் கிரிக்கெட், மறு மூலையில் எக்ஸெல். பாஸ் வந்தால் எக்ஸெல் மட்டும்!

அதெல்லாம் அனலாக் சமாச்சாரம். தெருவில் வரும் ஒயரில் எல்லா சானலும் திறந்த வீடாக வந்து கொண்டிருந்தன. அந்தக் கதவைச் சாத்தியதில் சென்னைதான் முன்னோடி. பே சானல் பார்க்க செட்-டாப் பாக்ஸ் வேண்டும் என்கிற 'காஸ்' திட்டம், 2003 செப்டம்பர் 1 அன்று இங்கேதான் அமலுக்கு வந்தது. இலவச சானல்களுக்கு மாதம் 72 ரூபாய், அதற்கு மேல் வேண்டுமென்றால் பாக்ஸ். டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் சில பகுதிகளுக்கு மட்டும் அது வந்து சேர 2006 டிசம்பர் 31 ஆயிற்று.

இன்று எல்லாமே டிஜிட்டல். பழைய டியூனர் கார்டில் ஒயரை நேராக மாட்டினால் மார்கழிப் பனிதான் தெரியும்.

மூணு வழி இருக்கு

ஒன்று, சோம்பேறிகளின் வழி. செட்-டாப் பாக்ஸின் பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் இருக்கும். அதிலிருந்து பழைய கார்டின் வீடியோ ஓட்டைக்கு ஒயர் கொடுத்தால் படம் வந்துவிடும். ஆனால் கேபிள் வாடகை அப்படியே இருக்கும். மிச்சம் பூஜ்யம்.

இரண்டு, தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. 2016 பிப்ரவரியில் சென்னை உள்பட 16 நகரங்களில் தொடங்கினார்கள். சேப்பாக்கத்து தூர்தர்ஷன் கோபுரம் கே.கே. நகரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். இங்கே ஒரு சூட்சுமம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாக மாட்டிய 'டி.வி. டாங்கிள்' பெரும்பாலும் டி.வி.பி.-டி ரகம். தூர்தர்ஷன் தேர்ந்தெடுத்ததோ டி.வி.பி.-டி2. ஒரு '2' இல்லாததால் படம் வராது. (அந்த டாங்கிள் வீணில்லை. அதற்கென்று இருக்கும் இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் எஃப்.எம். ரேடியோ கேட்கலாம். டி.வி. வாங்கப் போய் டிரான்ஸிஸ்டர் வாங்கிய கதை!)

மூன்றாவது வழிதான் ராஜபாட்டை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர் 16 அன்று 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில், 33 சானல்களுடன் ஆரம்பித்தது. மாத வாடகை கிடையாது. ஒரு சிறிய டிஷ், கம்ப்யூட்டருக்குள் சாட்டிலைட் கார்டு அல்லது வெளியே யு.எஸ்.பி. ரிஸீவர். அவ்வளவுதான்.

சன், விஜய் சீரியல்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இளைஞர்களே, கிரிக்கெட் உண்டு! 2007-ல் வந்த சட்டப்படி, இந்தியா ஆடும் முக்கிய மேட்ச்களின் சிக்னலைத் தனியார் சானல்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்து கொண்டே ஆக வேண்டும். அதைத் தனியார் கேபிளிலும் காட்டலாமா என்று வழக்கு நடந்து, 2017-ல் சுப்ரீம் கோர்ட் 'கூடாது' என்றது. தூர்தர்ஷனின் தரைவழியிலும் அதன் சொந்த டிஷ்ஷிலும் மட்டும்தான். ஆக, ஓசி கிரிக்கெட்டுக்குச் சட்டமே துணை.

டிஷ்ஷுக்கும் வாஸ்து!

ஜிஸாட்-15 என்ற நம் செயற்கைக்கோள், 2015 நவம்பரில் ஏவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் சரியாகத் தென்கிழக்கு. அதாவது அக்னி மூலை! தரையிலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரம். எதிர் பில்டிங் கொஞ்சம் உசரமாக இருந்தாலும் பெரிதாக மறைக்காது. ஆனால் மொட்டை மாடியில் துணி காயப் போடும் கொடி மறைக்கும். இது விஷயமாக அசோஸியேஷன் செகரெட்டரியிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் கன மழை பிடித்தால் சிக்னல் மங்கும். ஆனால் தெரு ஒயரை நம்பவேண்டியதில்லை என்பது ஒரு தெம்பு. 2016 டிசம்பர் 12 அன்று 'வர்தா' புயலில் மரங்களோடு கேபிளும் சாய்ந்த ஊர் ஆயிற்றே இது!

பாவம், அந்த சிப்!

''கார்டு போட்டாச்சு. ஆனா படம் விக்கி விக்கி வருது ஸார்'' என்பார்கள். ஏன் விக்குகிறது?

சாதாரண டி.வி. படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் செகண்டுக்கு 12 கோடி பிட்டுக்கு மேல் ஆகும். எந்த சாட்டிலைட் தாங்கும்? அதனால் சுருக்குகிறார்கள். நியூஸ் வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் நீலத் திரை மாறுவதே இல்லை. உதடும் புருவமும்தான் அசைகின்றன. முழுப் படத்தை எப்போதாவது ஒரு தரம் அனுப்பிவிட்டு, மற்ற நேரத்தில் அசைந்ததை மட்டும் அனுப்பினால் போதும். 12 கோடி, முப்பது நாற்பது லட்சமாக இளைத்து விடுகிறது. அதை 188 பைட் கொண்ட பொட்டலங்களாகக் கட்டி, ரேஷன் கடை மாதிரி வரிசையாக அனுப்புகிறார்கள். நாலு பொட்டலம் தொலைந்தால் ஹீரோயின் முகத்தில் சதுரம் சதுரமாக அம்மை போட்டுவிடும்.

பொட்டலத்தைப் பிரித்துப் படமாக்குவது உங்கள் பிராஸஸரின் வேலை. 1990-களில் வந்த எம்பெக்-2 முறையில் சுருக்கியதை ஒரு பென்டியம்-3 கூடச் சமாளித்துவிடும். 2003-ல் வந்த ஹெச்.264 இன்னும் கெட்டியாக மடிக்கிறது. பிரிக்கத் தெம்பு வேண்டும். ஹெச்.டி. படத்தை அந்த முறையில் கொடுத்தால் பென்டியம்-4-க்கு மூச்சு வாங்கும். கோர் 2 டுயோ ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம். ஆரஞ்சுக் கூம்பு படம் போட்ட வி.எல்.சி. பிளேயர் தெரியுமல்லவா? அதன் பூர்வீகமே இந்த வேலைதான். பாரிஸ் பக்கத்தில் ஒரு எஞ்சினீயரிங் காலேஜில், ஹாஸ்டல் பையன்களுக்கு கேம்ஸ் ஆட வேகமான நெட்வொர்க் தேவைப்பட்டது. 'கேம்ஸுக்கு' என்று கேட்டால் கிடைக்குமா? 'ரூமுக்கு ரூம் சாட்டிலைட் டி.வி. அனுப்பும் ஆராய்ச்சி' என்று 1996-ல் ப்ராஜெக்ட் ஆரம்பித்தார்கள். 2001-ல் அது உலகத்துக்கே இலவசமானது. அந்தக் கூம்பு, பையன்கள் ரோட்டிலிருந்து கிளப்பிக் கொண்டு வந்த டிராஃபிக் கூம்பு! ஹாஸ்டல் பையன்கள் எந்த நாட்டிலும் ஒரே ஜாதிதான்.

எதிர் ஃப்ளாட் பாட்டி

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு ரிடையர்டு ஹெட் கிளார்க். அவர் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து உள் ரூமில் படுக்கை. டி.வி. ஹாலில். ரிமோட் பேரன்கள் கையில்.

''அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா தம்பி. காலைல பாட்டும் நியூஸும் கேட்டுப் பழகினவ. இப்ப புள்ளைங்க கார்ட்டூன மாத்தணுமேன்னு சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா'' என்றார். குரல் லேசாகக் கம்மியது.

''இன்னொரு டி.வி. வாங்கிடலாமே?''

''பையன் வாங்கறேங்கறான். அவ வேணாங்கறா. எனக்காக ஒரு செலவான்னு அழுகை.''

பரணிலிருந்து மகனின் பழைய பென்டியம்-4 இறங்கியது. 'இதுக்குச் செலவே இல்ல, சும்மா கெடந்ததுதான்' என்று பாட்டியிடம் சொல்லப்பட்டது. (டிஷ், கார்டு பில்கள் மாமாவின் சட்டைப் பையில் பத்திரம்.) மாடியில் டிஷ் வைத்து, வி.எல்.சி.யில் டிடி தமிழ் வந்தது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று பெயர் வைத்திருந்த அதே சானல்தான். பாட்டிக்கு இன்னமும் அது பொதிகைதான்.

முதல் நாளே சின்னப் பேரன் ஓடி வந்து, ''பாட்டி, இதுல என் கார்ட்டூன் வருமா?'' என்றான்.

''வராதுடா கண்ணு!'' என்றார் பாட்டி, பரம திருப்தியுடன்.

பேலன்ஸ் ஷீட்

இரண்டு மாதம் கழித்து ஈ.பி. பில் வந்தது. ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கணக்கு இதுதான். பழைய பென்டியம்-4-ம், குண்டு மானிட்டரும் சேர்ந்து சுமார் 200 வாட்ஸ் இழுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாதம் 30. யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 150 ரூபாய். கேபிளுக்கு? 2019-ல் டிராய் வைத்த அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. வித்தியாசம் மூன்று ரூபாய் நாற்பது காசு!

அதோடு விட்டதா? இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறுகிறது. தாண்டும் அந்த ஒரு யூனிட், முன்னால் போன யூனிட்களின் விலையையும் ஏற்றிவிடும். மாமா வீட்டில் தாண்டிவிட்டது.

கம்ப்யூட்டரை நிறுத்தினால் பாட்டி மறுபடி சுவரைப் பார்க்க வேண்டும். விஷயம் தெரிந்தால் பாட்டியே நிறுத்தச் சொல்லிவிடுவார். எனவே பில்லைப் பாட்டி கண்ணில் காட்டாமல், மகனின் அலமாரியில் தூங்கிய பழைய லேப்டாப்பை எழுப்பினோம். ஒரு யு.எஸ்.பி. ரிஸீவர். 40 வாட்ஸ்தான். மாதம் 6 யூனிட், 30 ரூபாய். ஃபேன் இரைச்சலும் போயிற்று. புயல் நாளில் கரண்ட் போனாலும், பேட்டரி இருக்கும் வரை நியூஸ் உண்டு... டிஷ் பறக்காமல் இருந்தால்!

ரிச்சி ஸ்ட்ரீட் போகுமுன்...

* சாட்டிலைட் கார்டில் 'எஸ்2' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய 'எஸ்' ரகத்தில் சில சானல்கள் வராது.

* ரிஸீவரை யு.எஸ்.பி. 2.0 ஓட்டையில் மாட்டுங்கள். பழைய 1.1-ல் செகண்டுக்கு 12 மெகாபிட்தான். சாட்டிலைட் வெள்ளம் அதில் அடங்காது.

* ஒரு மணி நேரம் ரெக்கார்ட் செய்ய ஏறக்குறைய 1.8 ஜி.பி. ஆகும். 40 ஜி.பி. டிஸ்க்கில் இருபது மணி நேரத்துக்கு மேல் கச்சேரி பிடிக்கலாம்.

* கார்டை வாங்குமுன் கடையிலேயே மாட்டி, படம் காட்டச் சொல்லுங்கள். 'வீட்டுக்குப் போனா வரும் ஸார்' என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள், கார்டு இல்லாமல்.

தீர்ப்பு? லேப்டாப் என்றால் பச்சைக் கொடி. பழைய டெஸ்க்டாப்பில் தினம் ஒரு மணி நேரம், அல்லது ஒரு மேட்ச் என்றால் சரி. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, 'கேபிள் காசு மிச்சம்' என்று சொல்லாதீர்கள். கேபிள்காரருக்குத் தருவதை ஈ.பி.க்குத் தந்தால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை ஸார். எங்கள் பாஷையில் அது வெறும் ஜர்னல் என்ட்ரி!