மங்கலே இல்லாத ஃபோகஸ்: ஃபெட்-2 கேமராவில் ஒரு ரோல்

நண்பர் ஒருவரிடமிருந்து ஃபெட்-2 என்ற பழைய சோவியத் கேமரா இரவலாகக் கிடைத்தது. எஸ்எல்ஆர், டிஜிட்டல், மொபைல் எல்லாவற்றிலும் படம் எடுத்திருக்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் இதுதான் முதல் தடவை. கண்ணை வைத்ததும் உறுத்திய விஷயம், இதில் எதுவுமே மங்கலாகத் தெரியவில்லை. கைக்கெட்டும் செடி, எதிர்வீட்டு மாடி, அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஒரே தெளிவு. லென்ஸைத் திருகினாலும் அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் எப்படி ஃபோகஸ் பண்றது?

காரணம், நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. மேலே தனியாக ஒரு ஜன்னல், அதன் வழியாகத்தான் பார்க்கிறோம். (லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுக்க எடுத்தாலும் இந்தக் கேமரா ஒன்றும் சொல்லாது.) முன்பக்கத்தில் 67 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதில் விழும் காட்சி உள்ளே திருப்பப்பட்டு, முதல் காட்சியின் நடுவில் ஒரு சின்ன வட்டமாக விழுகிறது. அந்த வட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி.

நம் இரண்டு கண்ணும் செய்கிற வேலைதான். ஒரு விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும். விரலைத் தள்ளிவைத்தால் மாற்றம் குறையும். அந்தக் கோணம் தெரிந்தால் தூரம் தெரியும். பள்ளிக்கூட முக்கோணவியல், அவ்வளவுதான்.

எனக்கு ஆர்வம் வந்தது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான். 67 மி.மீ. இடைவெளிக்கு, 1 மீட்டரில் நிற்கும் ஆளின் கோணம் சுமார் 3.8 டிகிரி. 2 மீட்டரில் 1.9. ஆனால் 10 மீட்டரில் 0.38, 20 மீட்டரில் 0.19. அதாவது கிட்டத்தில் ஒரு மீட்டர் நகர்ந்தால் கோணம் ஏறக்குறைய இரண்டு டிகிரி மாறுகிறது, தூரத்தில் பத்து மீட்டர் நகர்ந்தாலும் ஐந்தில் ஒரு டிகிரிதான். லென்ஸ் பக்கமும் இதே கதை. 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 1 மீட்டருக்கு வர மொத்தமாக முன்னால் நகர்வது சுமார் 2.6 மி.மீ. அதில் முடிவிலிக்கும் 10 மீட்டருக்கும் நடுவே இருப்பது கால் மில்லிமீட்டர். லென்ஸின் பின்பக்கம் ஒரு நெம்புகோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கால் மில்லிமீட்டரை உணர்ந்து வட்டத்துக்குள் இருக்கும் பிம்பத்தை நகர்த்துவது அதுதான். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேலான சாமான்.

அதனால் ஃபிலிம் போடுவதற்கு முன் இந்த நெம்புகோல் உண்மை பேசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். சுலபமான சோதனை நிலாதான். லென்ஸை முடிவிலியில் வைத்து நிலாவைப் பார்த்தால் ஒரே நிலா தெரிய வேண்டும். பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் தூரக் கணக்கு பிசகு. மேலும் கீழுமாகத் தெரிந்தால் அளவு கெடாது, ஆனால் பொருத்துவது எரிச்சல். இதில் ஒரே நிலாதான் தெரிந்தது.

ஃபெட் என்பது சோவியத் ரகசியப் போலீஸின் முதல் தலைவர் ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். கார்கிவ் நகரில் அவர் பெயரில், வீடற்ற சிறுவர்களுக்காக ஒரு கம்யூன் இருந்தது. அங்கேதான் 1932-இல் வந்த லைக்கா-2வைப் பார்த்து 1934 முதல் நகல் கேமராக்கள் செய்தார்கள். லைக்கா-2வில் தூரம் பார்க்க ஒரு துளை, படத்தின் எல்லை பார்க்க இன்னொரு துளை. 1955-இல் வந்த ஃபெட்-2வில் இரண்டும் ஒன்று. ஜன்னல்களின் இடைவெளியும் அதிகம், அளவும் அந்த அளவுக்குத் துல்லியம். இந்த இடத்தில் நகல் மூலத்தை மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன்.

இனி கையாளும் விஷயங்கள். ஷட்டரை முறுக்கிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் கூடாது. வெயில் நேரத்தில் மூடி இல்லாமல் தோளில் தொங்கவிடக் கூடாது. ஷட்டர் துணியால் ஆனது, நடுவில் மறைக்கக் கண்ணாடி கிடையாது. லென்ஸ் சூரியனைக் குவித்தால் துணியில் ஓட்டை விழும். லைட் மீட்டர் இல்லை. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் எஃப்/16, 1/500 என்று ஆரம்பித்து, நிழலுக்குத் தக்கபடி துளையைத் திறந்துகொண்டே போனேன்.

பழக நேரம் எடுத்தது வேறொன்று. பிம்பம் நகர்வது இடவலமாக மட்டுமே. ஆகவே படுக்கைக் கோடுகளை வைத்துப் பொருத்தவே முடியாது, நகர்ந்தாலும் அதே கோடுதான். ஜன்னல் கம்பி, கதவு விளிம்பு, மூக்கின் ஓரம் என்று செங்குத்தாக எதையாவது தேட வேண்டும். இல்லாவிட்டால் கேமராவையே சாய்த்துப் பிடிக்க வேண்டும். எஸ்எல்ஆரில் காட்சி தானாகத் தெளிந்து வரும். இங்கே எந்தப் பொருளின் தூரம் எனக்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

வாசல் நிழலில் அம்மாவை 1.2 மீட்டரில் எஃப்/2.8 வைத்து எடுத்தேன். அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 9 சென்டிமீட்டர்தான். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தைப் பொருத்தினேன். இன்னொரு சிக்கல், ஜன்னல் லென்ஸுக்கு மேலே இருப்பதால், கிட்டத்தில் நாம் பார்ப்பதைவிடச் சற்றுக் கீழே உள்ளதுதான் படத்தில் விழும். தூரத்தை அளக்க உதவுகிற அதே இடப்பெயர்ச்சி இங்கே தலையை வெட்டப் பார்க்கும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் எல்லைக்கோடுகள் தானாக நகர்ந்து ஈடுசெய்யும். ஃபெட்-2வில் அந்த வசதி இல்லை. தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டேன்.

ரோல் கழுவி வந்தது. கண்ணாடிச் சட்டத்தின் கீறல்வரை தெரிகிறது. பின்னால் சுவரில் மாட்டிய காலண்டரில் தேதியைப் படிக்க முடியவில்லை.