காய்ந்த காப்பியும் குறைந்த எடையும்

தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்தும் வேளையில் வானம் கறுத்தால் நெசவாளர் வீட்டில் உண்டாகும் பரபரப்பை நம் அங்கத்தினர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கீழ்ப்பழனி மலையில் மூன்று நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பரபரப்பு ஒரு நாளோடு தீர்வதில்லை. கார்த்திகையில் தொடங்கித் தை கழியும் வரை அது நீடிக்கிறது. அக்காலத்தில் காப்பிக் களத்தில் நடப்பது இன்னதென்று அறியாமல் ஒரு சங்கத்தின் புத்தகத்தில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றியும், பின்னர் அதை நானே அடிக்க நேர்ந்ததைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் ஆய்வாளர் பணியில் சேர்ந்த புதிது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பொருளீட்டுக் கடனுக்காக அங்கத்தினர்கள் ஒப்படைத்திருந்த காப்பி மூட்டைகளைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜனவரியில் மூட்டைக்கு 50 கிலோ வீதம் 40 மூட்டை, ஆக 2,000 கிலோ பார்ச்மெண்ட் காப்பி வந்ததாக இருப்புப் புத்தகத்தில் கண்டிருந்தது. ஏப்ரலில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தபோது 1,933 கிலோவே தேறியது. மூட்டைகளில் தையல் பிரிந்த அடையாளம் இல்லை. எலி கடித்த ஓட்டை இல்லை. கிடங்கின் பூட்டும் சரியாகவே இருந்தது. பின் 67 கிலோ எங்கே?

செயலாளர் வயதானவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்தன. "காப்பி காய்ந்திருக்கும், ஐயா" என்றார். "சாக்கில் கட்டிக் கிடங்கில் பூட்டி வைத்த சரக்கு எப்படிக் காயும்?" என்று கேட்டேன். அவர் மேலே வாதாடவில்லை. பட்டப் படிப்பும் கூட்டுறவுப் பயிற்சியும் தந்த துணிவில், 'இருப்புக் குறைவு 67 கிலோ. செயலாளர் பொறுப்பு' என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன். அதன் கிரயத்தை அவர் தம் சம்பளத்திலிருந்து மூன்று தவணைகளில் கட்டினார் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு கடன் மனுவை விசாரிக்கும் பொருட்டு வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் மலையேறினேன். போன அன்றே பெருமழை பிடித்துக்கொண்டது. பேருந்து நின்றுவிட்டபடியால் மனுதாரர் வீட்டிலேயே மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. மனு செய்தவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர். அவர் மனைவி, மகன், மருமகள், மதுரையில் கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆகியோரே குடும்பம். நிலம் மூன்றரை ஏக்கர். சில்வர் ஓக், பலா ஆகிய நிழல் மரங்களில் மிளகுக் கொடி. இடையிடையே மலை வாழையும் ஆரஞ்சும். அவற்றின் கீழே அராபிக்கா காப்பி. இந்தியாவில் காப்பித் தோட்டங்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 98க்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்டவை. ஆதலின் இக்குடும்பத்தை ஒரு விதிவிலக்காக எண்ண வேண்டாம். காப்பி என்றதும் துரைமார் பங்களா நினைவுக்கு வருவது நம் பழக்கதோஷம்.

குடகிலும் சிக்கமகளூரிலும் அராபிக்கா பறிக்கும் காலம் பெரும்பாலும் வெயில் காலம். கீழ்ப்பழனியில் அப்படியன்று. பழம் சிவக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடை மழைக்குப் பின் செடி பூக்கிறது. எட்டு ஒன்பது மாதம் சென்று பழுக்கிறது. மழை இரண்டு மூன்று தவணையாகப் பெய்தால் பூவும் அப்படியே தவணை தவணையாக மலரும். ஆகவே ஒரே கிளையில் பச்சைக் காயும் செம்பழமும் கறுத்து வற்றிய பழமும் சேர்ந்திருக்கக் காணலாம். கிளையை ஒரே உருவாக உருவிவிட்டால் வேலை சுலபம், சரக்கு கெட்டது. பெரியவரின் மருமகள் ஒவ்வொரு பழமாகவே பறித்தார். இரு விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வருமானால் அது பழம்; வராவிட்டால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி அச்செடிக்கு வரவேண்டும். ஒரு பருவத்தில் ஒரே செடியை மூன்று நான்கு முறை சுற்றி வருகிறார்கள்.

கடைசிச் சுற்றில் செடியில் ஒன்றும் விடாமலும், தரையில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கியும் எடுத்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. 1990இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில் முதன்முதல் காணப்பட்ட காய்த்துளைப்பான் வண்டு, இப்படி விட்டுப்போன பழங்களில்தான் அடுத்த பருவம் வரை குடியிருக்கிறது.

பறித்த பழத்தை அன்றைக்கே கையால் சுற்றும் பல்ப்பரில் இட்டுத் தோலை நீக்குகிறார்கள். ஒரு பழத்தில் இரண்டு கொட்டை. மேலே வழவழப்பான பசை. அதற்குக் கீழே காகிதம் போன்ற ஓடு. தோலை நீக்கிய கொட்டையைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்க வைத்தால் அந்தப் பசை நெகிழ்ந்துவிடும். பெரியவரின் மனைவி தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடியை அள்ளி அலசித் தேய்த்துப் பார்த்தார். கூழாங்கல்லைத் தேய்ப்பது போல் சொரசொரப்பாக இருந்தால் பதம். நேரம் மிஞ்சினால் புளித்த நாற்றம் கொட்டைக்குள் இறங்கிவிடும்; பிறகு எந்தத் தண்ணீரும் அதைக் கழுவாது. அந்த அம்மாள் இரவில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்ததை நான் கண்டேன். மூன்று நான்கு முறை கழுவி எடுத்தபின் ஓட்டோடு இருப்பதே பார்ச்மெண்ட் காப்பி. பச்சைக் காயையும் கறுத்த பழத்தையும் பல்ப்பரில் இடாமல் தோலோடு தனியே உலர்த்துவார்கள். அது செர்ரி காப்பி, விலை குறைவு.

இதுவரை நடந்தது மூன்று நாள் வேலை. உழைப்பெல்லாம் ஜெயிப்பதும் தோற்பதும் இதற்குப் பிறகு உலர்த்தும் நாட்களில்தான். நல்ல வெயில் அடித்தால் பார்ச்மெண்ட் காய ஏழு முதல் பத்து நாள். செர்ரிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள். வெறும் மண்ணில் பரப்பினால் மண் வாடை ஏறும். தடித்துப் பரப்பினால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். முதல் இரண்டு நாளில் உச்சி வெயிலில் விட்டால் ஓடு வெடித்துவிடும். மணிக்கொரு முறை கிளற வேண்டும். மாலையில் குவித்து மூட வேண்டும். பாதி காய்ந்தபின் ஒரு தூறல் நனைத்தாலும் கொட்டையில் திட்டுத் திட்டாக நிறம் மாறிவிடும். நான் தங்கிய மூன்று நாளும் சூரியனையே காணவில்லை. கம்பிவலைத் தட்டுகளில் காப்பியைப் பரப்பிக் கூரையடியில் அடுக்கி, மருமகளும் மாமியாரும் மாறி மாறிக் கிளறிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கூரையடிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண்களைப் பார்த்து, பால் கணக்கா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "காப்பிக் கணக்கு, ஐயா. கழுவிய அன்றைக்கே ஒரு டின் காப்பியை நிறுத்துத் தனித் தட்டில் போட்டுவிடுவேன். அதுவும் மற்றதோடுதான் காயும். தினம் சாயங்காலம் அதையே நிறுப்பேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்றார். முதல் நாள் 12 கிலோ என்றிருந்தது. கீழே எண்கள் இறங்கிக்கொண்டே போயின.

நான் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவாரத்துச் செயலாளரின் முகம் என் நினைவுக்கு வந்தது. "சாக்கில் கட்டிய பிறகும் குறையுமா?" என்று கேட்டேன். "அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் குறையாமல் என்ன செய்யும்? சாக்கு என்ன, தகர டப்பாவா? கீழே உங்கள் கிடங்கில் மாசி பங்குனியில் அடுப்பு மாதிரி காயுமே" என்றார் பெரியவர்.

அன்றிரவே காகிதத்தில் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள 50 கிலோ மூட்டையில் காப்பி 43 கிலோ. தண்ணீர் 7 கிலோ. பார்ச்மெண்டுக்கு உரிய அளவான 10 பங்குக்கு அது காயும்போது மூட்டையின் எடை 47 கிலோ 800 கிராமாகிறது. காப்பியில் ஒரு கொட்டையும் குறையவில்லை. ஆனால் மூட்டைக்கு 2 கிலோவுக்கு மேல் எடை இல்லை. அடிவாரத்து 2,000 கிலோவும் 14 பங்கு ஈரத்தில் வந்து 11 பங்குக்குக் காய்ந்திருந்தால் எஞ்ச வேண்டியது ஏறக்குறைய 1,933 கிலோ. நான் நிறுத்துக் கண்டதும் அதுவே.

இதில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. எடையை மட்டும் பார்த்து வாங்கும் சங்கம், ஈரமாகக் கொண்டுவந்தவருக்குத் தண்ணீருக்கும் காப்பி விலை கொடுக்கிறது. பத்து நாள் கண் விழித்துக் காய வைத்தவர் மூட்டைக்கு 2 கிலோ இழக்கிறார். பிறகு, 'அங்கத்தினர்கள் தரமான சரக்குத் தருவதில்லை' என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். ஈரச் சரக்கு எடையில் மட்டுமா கெடுக்கிறது? பூஞ்சணம் பிடித்த காப்பியில் ஆக்ரடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வறுத்த காப்பியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று விதித்திருக்கிறது. நம் காப்பியில் பெரும்பகுதி வெளிநாடு போகிறது என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் நாள் மழை சற்று விட்டபோது ஒரு வியாபாரி ஜீப்பில் வந்தார். காப்பியைக் கையில் அள்ளிப் பார்த்து, "நாலைந்து நாள் வெயிலில் போட்டுவிட்டு, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன், கையில் ரொக்கம்" என்று சொல்லிப் போனார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த மாதக் கடைசியே கெடு. மகன் தந்தையின் முகத்தைப் பார்த்தார். தந்தை என் முகத்தைப் பார்த்தார். நான் விசாரிக்க வந்த மனு அதற்கானதே. ஆனால் நம் விதிப்படி காய்ந்த சரக்குக் கிடங்குக்கு வந்து ரசீது போட்ட பிறகுதான் பொருளீட்டுக் கடன். சரக்குக் காயும் நாட்களிலோ ஒரு காசும் கிடையாது. குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருப்பது துல்லியமாக அந்த நாட்களில்தான்.

1990களின் தொடக்கம் வரை விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைப்பது பொது விதியாக இருந்தது; பணம் தவணை தவணையாக வந்தது. அதைக் குறை கூறாத தோட்டக்காரர் இல்லை. இன்று யாருக்கும் விற்கலாம். ஆனால் அவசரமாக விற்பவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

இறங்கி வந்ததும், அறுவடைக் காலச் செலவுக்கென ஒரு சிறு முன்பணம் தரலாம் என்று பரிந்துரை எழுதினேன். நிர்வாகக் குழு கூடி அதை ஏற்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நான் மறுபடி மலையேறியபோது அந்தப் பறிப்பில் தேறிய எட்டு மூட்டையில் ஐந்து போய்விட்டிருந்தன. மகன்தான் விற்றார், பெரியவர் தடுக்கவில்லை. சுவரில் அவர் தம் டின் கணக்கை மட்டும் தொடர்ந்து எழுதியிருந்தார். விற்ற அன்று 6 கிலோ 600. பிறகு 6 கிலோ 400. பிறகு 6 கிலோ 300; மறுநாளும் 6 கிலோ 300. அந்தக் கணக்குப்படி மூட்டைக்கு இரண்டே கால் கிலோதான் குறைந்திருக்க வேண்டும். வியாபாரி ஈரத்துக்கென்று மூட்டைக்கு 4 கிலோ கழித்திருந்தார். ஒன்றே முக்கால் கிலோ காப்பி சும்மா போயிற்று, விலையும் குறைவு. "கட்டணம் கட்டியாகிவிட்டது, ஐயா" என்றார் மகன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடிவாரத்துச் சங்கத்தில் ஜனவரியில் யாரும் ஈரத்தை அளந்து எழுதி வைக்கவில்லை. ஆகவே என் கணக்கு ஊகம்தானே என்று மேலதிகாரி கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் மூட்டை பிரிக்கப்பட்டதற்கு அடையாளம் எதுவுமில்லை என்று என் பழைய குறிப்பிலேயே நான் எழுதியிருந்தேன். அதை எடுத்துக் காட்டி, 67 கிலோவை உலர்ச்சிக் குறைவாகக் கொள்ளலாம் என்று புதுக் குறிப்பு எழுதினேன். குழு ஏற்றது. செயலாளரின் பணம் அவர் ஓய்வு பெற்ற மாதத்தில் திரும்பக் கிடைத்தது. அதைக் கொடுக்க நானே போயிருந்தேன். "அப்போதே சொன்னேனே, ஐயா" என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உள்ளே திரும்பி, காப்பி கொண்டுவரச் சொன்னார்.

இப்போது அச்சங்கத்தில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ரசீதில் எடைக்கு அருகே ஈர அளவும் எழுதுகிறார்கள். 10 பங்குக்கு மேலிருந்தால் காய்ந்த எடையைக் கணக்கிட்டு அதற்கே கடன் தருகிறார்கள். அறுவடை முன்பணம் நவம்பரிலேயே கொடுக்கப்படுகிறது. பழைய இருப்புப் புத்தகத்தை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். நான் அடித்த வரி இன்னும் படிக்கும்படியாகவே இருக்கிறது. அதன் அருகில் என் கையொப்பம் இரண்டு முறை இருக்கிறது.