இரவு குடித்தவர் அதிகாலையில் வண்டி எடுக்கலாமா?



நம்மில் பலருக்குப் பொழுது விடிவது அதிகாலை மூன்று மணிக்கு. காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், பருப்பு, எண்ணெய் மண்டிக்கு வேன் அனுப்புகிறவர்கள், லாரி ஷெட்டில் பார்சல் எடுக்கிறவர்கள் என்று அந்த நேரத்தில் ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி சரக்கு வண்டிகள்தான். அந்த வண்டியை ஓட்டுகிறவர் முந்தின இரவு குடித்திருந்தால், எத்தனை மணி நேரம் கழித்து அவர் கையில் சாவியைக் கொடுக்கலாம்? இந்தக் கேள்வியை நாம் உரிய காலத்தில் கேட்கத் தவறினோம். அதனால் நேர்ந்ததை மற்றவர்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம். குடிக்கலாமா, கூடாதா என்ற உபதேசம் இதில் இல்லை.

நம் கடையில் நடந்தது

2016 ஆம் ஆண்டு ஆயுதபூஜை. வழக்கம்போல் கடையைக் கழுவி, தராசுக்கும் வேனுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜை முடித்து, சிப்பந்திகளுக்குப் பொரி, கடலை, பூஜைப் பணம் எல்லாம் கொடுத்து அனுப்பினோம். விஜயதசமி அன்று முதல் சரக்கு கடைக்குள் இறங்க வேண்டும் என்பது தகப்பனார் காலத்து வழக்கம். விருதுநகரில் சரக்கைச் சொல்லி வைத்திருந்தோம். அதிகாலை நான்கு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தோம்.

அவர் நம்மிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். அதுவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் சிநேகிதர்களோடு ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் குடித்திருக்கிறார். பதினொன்றுக்குப் படுத்து, மூன்றரைக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டோம். "நல்லாத் தூங்கி எந்திரிச்சிட்டேன் அண்ணாச்சி, ஒண்ணும் இல்லை" என்றார். நடையில் தள்ளாட்டம் இல்லை. பேச்சிலும் குழறல் இல்லை. சாவியை நாமே எடுத்துக் கொடுத்தோம்.

ஐந்து மணிக்குள் ஒரு வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வேன் மோதியது. டிரைவருக்குச் சிராய்ப்பு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், மூட்டை இறக்கும் பையன், வயது பத்தொன்பது. அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மணிக்கு டிரைவரின் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அவர் கடைசியாகக் குடித்து ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஈரலின் தண்டல் கணக்கு

தூங்கி எழுந்தால் போதை போய்விடும் என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். டாக்டர் ஒருவர் விளக்கிய பிறகே உண்மை புரிந்தது. ரத்தத்தில் கலந்த சாராயத்தைக் கரைக்கும் வேலையில் பெரும்பகுதி கல்லீரலுடையது. அது தண்டல் கட்டுகிற ஆளைப் போன்றது. கடன் ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் அதே தவணைதான். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம் அது குறைத்துக்கொண்டு வருகிறது. சிலருக்கு 10 தான் குறையும். கடன் ஏறினால் தவணை கூடுவதில்லை, நாட்கள்தான் கூடுகின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டரில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 125 மில்லி கிராம் வரை ஏறும். அது முழுவதும் இறங்க எட்டரை மணி நேரம் ஆகும். இதே கணக்கில்,

90 மில்லி கட்டிங் என்றால் நாலரை மணி நேரம்;

ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்று என்றால் ஆறு மணி நேரம்;

குவார்ட்டரும் கட்டிங்கும் என்றால் பதின்மூன்று மணி நேரம்;

375 மில்லி ஆஃப் பாட்டில் என்றால் பதினெட்டு மணி நேரம்.

"பீர்தானே குடித்தேன்" என்று சொல்கிறவர், ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் கட்டிங்கை விட அதிகச் சரக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் சராசரிக் கணக்கு. மெலிந்த உடம்புக்காரருக்கும், பெண்களுக்கும், ஈரல் கெட்டவருக்கும் இன்னும் நேரம் பிடிக்கும். நம் டிரைவர் மெலிந்த உடம்புக்காரர்தான்.

புளித்த மோர், எலுமிச்சம்பழச் சாறு, கட்டங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். காப்பி தூக்கத்தைக் கலைக்கும். பாக்கு வாடையை மறைக்கும். ரத்தத்தில் இருப்பதை இவற்றில் ஒன்றும் குறைக்காது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறுவது மெதுவாகும். ஏறிய பிறகு சாப்பிட்டால் இறங்குவது வேகமாகாது. பழகிய குடிகாரர் தள்ளாட மாட்டார். ஆனால் பிரேக் மிதிக்கும் கால் தாமதப்படும். நம்மை ஏமாற்றியது அதுதான்.

சட்டம் சொல்வது

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 185 ஆவது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். எப்போது குடித்தார் என்று சட்டம் கேட்பதில்லை. வண்டி ஓட்டும்போது எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு. 2019 செப்டம்பர் முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறு தடவைக்கு இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

முதலாளிமார்கள் 188 ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் வண்டியை எடுக்கச் சொன்னால் வழக்கு நம் வாசலுக்கும் வரலாம். இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. குடிபோதையில் ஓட்டியது தெரிந்தால் சொந்த வண்டியின் நஷ்டத்துக்குப் பாலிசியில் இடமில்லை. நமக்கும் ஒரு பைசா வரவில்லை. வேனையும் சரக்குக்குக் கட்டிய வட்டியையும் நஷ்டக் கணக்கில் எழுதினோம்.

கடையில் செய்யக்கூடியது

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் கடையில் மூன்று வழக்கங்கள் வைத்திருக்கிறோம். ஒன்று, இரவு குடித்தவர் மறுநாள் மதியம் வரை சாவியைத் தொடக்கூடாது. அதிகம் குடித்திருந்தால் அன்று முழுவதும் கூடாது. விமானம் ஓட்டுகிறவர்களுக்கே புறப்படுமுன் 12 மணி நேரம் குடிக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கும்போது, பத்துப் பேர் குறுக்கே வரும் ரோட்டில் வேன் ஓட்டுகிறவருக்கு அது அதிகமில்லை. இரண்டு, "குடித்திருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்கிறவருக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிப்பதில்லை. கடைக்குள் வேறு வேலை கொடுக்கிறோம். சம்பளம் போகும் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்று, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் அதிகாலை வண்டி வைப்பதில்லை.

நம் சங்கம் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, மார்க்கெட் வாசலில் வைத்தால் நலமாக இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பேச வேண்டுகிறோம்.

அந்தப் பையன் இப்போது நம் கடையில் கணக்கு எழுதுகிறான். செயற்கைக் கால் வைத்து நடக்கிறான். டிரைவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். விஜயதசமிக்கு வரவேண்டிய அந்தச் சரக்கு மறுநாள் வாடகை வண்டியில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் தாமதத்தால் ஒரு வாடிக்கைக்காரர்கூட நம்மை விட்டுப் போகவில்லை.