விசிறி நின்றால் ஆட்டம் குளோஸ்

பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொல்வது வயதல்ல, வெப்பம். இந்தியக் கோடையும் மின்வெட்டும் அந்த வேலையை இன்னும் சுலபமாக்குகின்றன.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. 1990களின் இறுதியில் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் மொய்த்த கடைத்தெருக்கள் இவை. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் கடைசியாக, காசு மிச்சமிருந்தால், ஒரு கிராஃபிக்ஸ் கார்டு ஏறும். சில வருடங்களில் அது காலாவதியாகிப் பரணுக்குப் போய்விடும். அதே கார்டுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தூசி தட்டி எடுக்கிறார்கள்.

எடுத்து மாட்டும்போது ஒரு விசித்திரம் தெரிகிறது. அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த முதல் வூடூ கார்டு பெரும்பாலும் சமர்த்தாக வேலை செய்கிறது. அதைவிட ஆறேழு வருடம் இளைய, பல மடங்கு சக்திவாய்ந்த கார்டோ திரையில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டுவிட்டு உயிரை விடுகிறது. தாத்தா நடமாடுகிறார், பேரன் படுத்த படுக்கை.

காரணம், சூடு. சிப் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். வேகம் கூடினால் சூடும் கூடும். முதல் வூடூவின் வேகம் 50 மெகாஹெர்ட்ஸ்தான். அதன் சிப்புகளின் மேல் விசிறியும் இல்லை, வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டும் இல்லை. அது செருகப்பட்ட பிசிஐ ஸ்லாட்டின் விதிப்படி ஒரு கார்டு 25 வாட்டுக்கு மேல் எடுக்கவே கூடாது.

அதன்பின் பந்தயம் சூடு பிடித்தது. 1999-ல் வந்த வூடூ3 3000 கார்டின் வேகம் 166 மெகாஹெர்ட்ஸ். ஹீட் சிங்க் வந்தது, விசிறி வரவில்லை. தொட்டால் கை சுடும். அதே வருடம் வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 விசிறியைச் சுமந்து வந்தது. 2000-ன் வூடூ5 5500-ல் இரண்டு சிப், இரண்டு விசிறி. ஸ்லாட் தந்த மின்சாரம் போதாமல் தனியே ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. 2003-ல் விற்பனைக்கு வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் விசிறி போட்ட இரைச்சலில், அதை வாக்குவம் கிளீனர் என்றே கேலி செய்தார்கள். என்விடியாவே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தது.

இரைச்சல் யாரையும் கொல்லாது. கொல்வது மௌனம். அந்தக் காலக் கார்டுகளில் இருந்தவை பெரும்பாலும் தீப்பெட்டி அகலமே உள்ள சிறு விசிறிகள். எண்ணெய் வற்றி, தூசி அடைத்து, ஒரு நாள் சத்தமின்றி நின்றுவிடும். பல கார்டுகளில் வெப்பத்தை அளக்கும் சென்சார்கூடக் கிடையாது. படம் சிதறும்போதுதான் விஷயம் தெரியும்.

இரண்டாவது பலி, கெப்பாசிட்டர்கள். இந்தச் சிறு உருளைகளுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

மூன்றாவதுதான் விபரீதம். சூடேறும்போது சிப்பின் சிலிக்கான் குறைவாகவும், அது உட்கார்ந்திருக்கும் பலகை அதைப்போல நாலைந்து மடங்கும் விரிகின்றன. இரண்டையும் பிணைக்கும் நுண்ணிய சால்டர் உருண்டைகள் ஒவ்வொரு முறையும் இழுபடுகின்றன. ஆணியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இவற்றுக்கும். பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. லேப்டாப் சிப்புகளில் இத்தகைய பலவீனத்தைச் சரிசெய்யும் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக 2008 ஜூலையில் என்விடியா அறிவித்தது.

இங்கேதான் இந்தியா வருகிறது. ஹீட் சிங்க்கோ விசிறியோ சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட 40 டிகிரி கூடுதலாகச் சுடும் ஒரு சிப், 25 டிகிரி ஏ.சி. அறையில் 65-ல் இருக்கும். தில்லியின் 45 டிகிரி மே மாதத்தில் அதே சிப் 85-ஐத் தொடும். கெப்பாசிட்டர் கணக்குப்படி 20 டிகிரி கூடினால் ஆயுள் கால்வாசி. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்த நம்மவர் வைத்தியம் சூட்டைத் தணித்தது. கூடவே தூசியையும் உள்ளே அனுப்பியது. ஒவ்வொரு மின்வெட்டும் சூடான சிப்பைத் திடீரென ஆறவைத்து, மின்சாரம் வந்ததும் மறுபடி காய்ச்சியது.

தப்பிப் பிழைத்த கார்டுகளைக் காப்பாற்றப் பெரிய வித்தை தேவையில்லை. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவலாம். தூசியை மென்மையான பிரஷ்ஷால் எடுக்கலாம். சில நூறு ரூபாய் விலையுள்ள 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, கார்டின் மேல் காற்று படும்படி வைக்கலாம். வூடூ3 போன்றவற்றில் ஹீட் சிங்க் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். நெம்பினால் சிப்பே கையோடு வந்துவிடும். செத்த கார்டை அவனில் வைத்துச் சுடுவது இன்னொரு பிரபல வைத்தியம். பிழைத்தாலும் அது பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். சமையல் அவனில் நச்சுப் புகை சேர்வதுதான் மிச்சம்.

இத்தனை பாடு எதற்கு? 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளில் பெரும்பகுதியை என்விடியாவிடம் விற்க 2000 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2002-ல் திவாலானது. அந்த நிறுவனம் உருவாக்கிய கிளைடு என்ற மென்பொருள் இடைமுகத்தை நம்பி, 1998-ன் அன்ரியல் உள்படப் பல விளையாட்டுகள் எழுதப்பட்டன. இன்றைய கம்ப்யூட்டரில் அதைப் போலச் செய்துகாட்டும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் நகல் சரியா என்று பார்க்க அசல் இருந்தாக வேண்டும். அசல் இனி எங்கும் தயாராகாது. சேகரிப்பாளரின் சங்கடமும் இதுதான். ஓடவிட்டால்தான் கார்டுக்கு அர்த்தம். ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளில் கழிவு.

பரணிலிருந்து இறங்கும் கார்டுகளில் பல, சேகரிப்பாளரிடம் வராமல் காயலான் கடைக்குப் போகின்றன. மின்னணுக் கழிவுக்குப் பெயர்போன தில்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் பழைய போர்டுகளை நெருப்பில் காட்டித்தான் சிப்புகளைப் பிரித்தெடுத்தார்கள். ஆயுள் முழுவதும் சூட்டோடு மல்லுக்கட்டிய கார்டுக்குக் கடைசியில் கிடைத்ததும் தீதான். எனவே பரணை ஒழிக்கும் முன் ஒருமுறை பாருங்கள். நீங்கள் கழித்துப்போடும் அட்டை, ஒரு சின்ன விசிறிக் காற்றில் இன்னும் பல வருடம் ஓடக்கூடும்.