ஏடு நம் கையில்; சாவி எவர் கையில்?



"பெட்டி பெட்டியாகப் புத்தகம் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, இனி அவை எதற்கு? கையகலக் கருவி ஒன்று. அதற்குள் ஓராயிரம் ஏடுகள்! அதற்கு மாறிவிட வேண்டியதுதானே?" என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நின்று விடை சொல்ல வேண்டிய கேள்வி.

மாறுவது குற்றமல்ல, மாறாதிருப்பது பெருமையுமல்ல! ஓலையைக் கட்டிக்கொண்டே தமிழன் உட்கார்ந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? கரையான் தின்றது போக, வெள்ளம் கொண்டது போக, வெறுங்கைதான் மிஞ்சியிருக்கும்! சி.வை. தாமோதரம் பிள்ளையும், உ.வே. சாமிநாத ஐயரும் சுவடி தேடினர், ஒப்பு நோக்கினர், அச்சில் ஏற்றினர். ஐயரின் பதிப்பாக 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலம்பு, 1894இல் புறநானூறு வெளிவந்தன. மடத்திலும் பரணிலும் முடங்கிக் கிடந்த செல்வம் மக்கள் கைக்கு வந்தது. அந்த மாற்றத்தின் மாண்பு எதில் இருக்கிறது? பூட்டு திறந்ததில் இருக்கிறது!

அந்த அளவுகோலால் இந்தக் கருவியையும் அளப்போம்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் 'கிண்டில்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. 2016 டிசம்பரில் தமிழ் ஏடுகளும் அதற்கென விற்பனைக்கு வந்தன. அதன் திரைக்குள் எண்ணற்ற நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெண்துகளும் கருந்துகளும் மிதக்கின்றன. மின்விசை தள்ள, கருந்துகள் மேலே வந்தால் எழுத்து; வெண்துகள் வந்தால் வெற்றிடம். பக்கம் புரளும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். கண்ணையும் கூச வைக்காது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கியும் காட்டும். இரவுப் பணி முடித்து ரயிலேறும் தொழிலாளிக்கு இது நல்ல துணை. மறுப்பார் யார்?

ஆனால், தோழர்களே, பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்!

2009 ஜூலையில் நடந்தது இது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கருவிகளிலிருந்து, அமேசான் தொலைவிலிருந்தபடியே அவற்றை அழித்தது. உரிமை இல்லாதவர் விற்றுவிட்டாராம்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாணவர் ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் பயனற்றுப் போயின. எழுத்தை அழித்து வரலாற்றையே மாற்றும் ஆட்சியைப் பற்றிய கதை '1984' - அதற்கே அந்தக் கதி! கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அரிசி வாங்கி உலையில் போட்டபின், "அது விற்கக்கூடாத அரிசி, இந்தா உன் பணம்" என்று கடைக்காரன் வந்து பானையைக் கவிழ்த்தால் பொறுப்போமா?

2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. விற்ற ஏடுகளும் மறைந்தன, பணம் மட்டும் திரும்பியது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் ஏட்டைத் தளத்திலிருந்து கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வழியையும் அமேசான் அடைத்துவிட்டது. பூட்டிய ஏட்டை வாங்குகிறவனுக்குக் கிடைப்பது உடைமை அல்ல, படிக்க அனுமதி!

நாம் படித்து வளர்ந்த விதம் எது? கீற்றுக் கொட்டகைப் படிப்பகம், நாலு பலகை, ஒரே ஒரு நாளேடு. எழுத்தறிந்தவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர் இருபது பேர் கேட்பர். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் அதே காட்சி. ஒரு புத்தகம் பத்துக் கை மாறும். அட்டை கிழியும், அறிவு பெருகும்! பூட்டிய மின்னேட்டைப் பக்கத்து வீட்டுத் தோழரிடம் கொடுக்க முடியுமா? பழைய புத்தகக் கடையில் போட முடியுமா? படிப்பகத்துக்கு வழங்க முடியுமா?

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ளவர் வாங்குங்கள்; அதில் பூட்டில்லாத ஏடுகளை நிரப்புங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை விலையின்றித் தருகிறது. பாரதிதாசன், அண்ணா ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமை. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இறக்குங்கள், படி எடுத்து வையுங்கள், பத்துப் பேருக்குக் கொடுங்கள். விலைக்கு வாங்கும்போது, "பூட்டின்றித் தருவீரா?" என்று பதிப்பகத்தாரைக் கேளுங்கள். பிள்ளைக்கும் படிப்பகத்துக்கும் விட்டுச் செல்ல விரும்பும் ஏட்டைத் தாளிலேயே வாங்குங்கள்.

ஓலையோ, தாளோ, ஒளிரும் திரையோ - எதில் வேண்டுமானாலும் படிப்போம். படித்ததைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுக்கும் உரிமையை மட்டும் எவரிடமும் அடகு வைக்கமாட்டோம்!