256 கட்டங்களுக்குள் ஒரு சொத்து

ஒரு பித்தளை டபரா செட். அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம், மொத்தமே 256. பித்தளைக்கு மூன்று மஞ்சள், காபி நுரைக்கு இரண்டு வெளிர்பழுப்பு, டம்ளர் விளிம்பில் வெளிச்சம் படும் இடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். அந்த வெள்ளையை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் பித்தளை பிளாஸ்டிக் போலாகிவிடும். ஆன்லைன் விளையாட்டுக் குழுக்களுக்காக இப்படி வாள், குடை, நாற்காலி, காபி என்று பிக்சல் ஆர்ட்டில் பொருட்கள் வரைகிற பிள்ளை மயிலாப்பூரிலோ அடையாறிலோ தி. நகரிலோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "எப்பப் பாரு கேம்" என்று வீட்டில் திட்டும் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை ஒரு சொத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

சொத்து என்பது சட்டப்படியே உண்மை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கலைப்படைப்பை வரையறுக்கும்போது, அதில் கலைத்தரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வரைந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. வரைந்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். சொந்தக் கற்பனை மட்டும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். வெறும் உழைப்பு போதாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. வேறொருவர் வரைந்த வாளை எடுத்து நீலத்தைச் சிவப்பாக்கினால் அது உங்களுடையது ஆகாது, அவருடைய உரிமையை நீங்கள் மீறியதாகத்தான் ஆகும்.

அதிகம் ஏமாறுகிற இடம், பிறர் கேட்டுக் காசுக்கு வரைந்து கொடுக்கும் கமிஷன் வேலை. டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ஒருவர் வருகிறார். "இருபது ஐட்டம் வேணும், ஐட்டத்துக்கு நூறு ரூபா" என்கிறார். வரைந்து அனுப்பியதும் ஜிபேயில் பணமும் வந்துவிடுகிறது. சில மாதம் கழித்து அதே டபரா இன்னொரு விளையாட்டில் விற்பனைக்கு வருகிறது, டீ-ஷர்ட்டிலும் ஏறுகிறது. கேட்டால், "காசு கொடுத்தேனே, அப்புறம் என்ன?" என்கிறார். அவர் பக்கமும் சட்டம் கொஞ்சம் சாய்கிறது என்பதுதான் கவலை. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆவது பிரிவு. பிக்சல் படமும் ஓவியம்தான் என்று அவர் வாதாட இடமிருக்கிறது. கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை கம்பெனிக்கே.

இதைத் தடுக்க வக்கீல் தேவையில்லை. முன்பணம் வாங்குவதற்கு முன் இரண்டு வரி எழுதி அனுப்பி, எதிராளியிடம் "சம்மதம்" என்று பதில் வாங்கினால் பெரும்பாலும் போதும்: "இந்த 20 படங்களின் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். இன்ன விளையாட்டுக்குள் பயன்படுத்த மட்டும் அனுமதி தருகிறேன்." ஒரு தலைமுறையே இதை எழுதாமல் வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

உரிமையை முழுசாக விற்பதும் தவறில்லை. ஆனால் அதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. "எல்லா ரைட்ஸும் உனக்கே" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. எழுதிய பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான், எந்த நாடு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இது வரைந்தவருக்குச் சாதகமான பிரிவு. விற்ற பிறகும், படைத்தவர் நான் என்று சொல்லும் உரிமை 57ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

விளையாட்டு நிறுவனத்தின் விதிகளையும் படித்தாக வேண்டும். மைன்கிராஃப்டில் நீங்களே அடியிலிருந்து உருவாக்கிய மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) உங்களுக்கே சொந்தம். ஆனால் அதைக் காசுக்கு விற்கக் கூடாது என்கிறது அதன் ஒப்பந்தம்.

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் பதிப்புரிமைக்கு வயது வரம்பு கிடையாது. பன்னிரண்டு வயதுப் பெண் வரைந்தது அவளுடையதே. ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் அப்பாவோ அம்மாவோ போட வேண்டும்.

எதை வரையலாம் என்பதில் வீண் பயமும் உண்டு, அசட்டுத் துணிச்சலும் உண்டு. கபாலீஸ்வரர் கோபுரத்தைத் தாராளமாக வரையலாம். மெரினா உழைப்பாளர் சிலையையும் வரையலாம், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை வரைய 52ஆவது பிரிவே அனுமதிக்கிறது. நடிகர் விஷயம் வேறு. 2015இல் ஒரு இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், உருவம், கேலிச்சித்திரம், வசனம் பேசும் பாணி எதையும் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. ஸ்ட்ரைக்கர் என்ற ஆன்லைன் கிரிக்கெட் விளையாட்டு, வீரர்களின் வரைபடங்களைக் கொண்ட டிஜிட்டல் அட்டைகளை விற்றது. அதற்கு இடைக்காலத் தடை கொடுக்க அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. சென்னையில் இருந்துகொண்டு நட்சத்திர அவதாரை விற்க நினைப்பவர் 2015 தடையைத்தான் மனதில் வைக்க வேண்டும் என்பேன்.

இந்த வேலையைச் சுற்றி நடக்கும் மோசடிகள் பழைய ரகம்தான். "என் கேமைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாரு" என்று வரும் ஃபைலைத் திறந்தால் கணக்கே பறிபோகலாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எங்கும் தேவைப்படாது. கேட்டால் அது திருட்டு. பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறும். cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம்.

படம் திருடு போனால் முதல் வேலை சண்டை போடுவதல்ல, சாட்சி சேர்ப்பது. இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். லேயர் லேயராக இருக்கும், ஏஸ்பிரைட் போன்ற வரையும் மென்பொருளின் மூல ஃபைலைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். திருடியவரிடம் இருப்பது கடைசிப் படம் மட்டும்தான், அழித்து அழித்து வரைந்த தடம் உங்களிடம்தான் இருக்கும். நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழை இவற்றோடு இணைக்க வேண்டும்.

அடுத்து, படம் இருக்கும் தளத்துக்கு எழுத்து மூலம் புகார். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75ஆவது விதிப்படி, புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதைத் திரும்பத் திறந்துவிடலாம். அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் கீழ் அவர்கள் வைத்திருக்கும் புகார்ப் படிவத்தை இங்கிருந்தே நிரப்பலாம். வழக்குப் போட எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவும் இயங்குகிறது.

பதிப்புரிமை மீறல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம். ஆனாலும் நூறு ரூபாய்ப் படத்துக்காக எடுத்த எடுப்பில் போலீஸுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் இருப்பதும் பெரும்பாலும் இன்னொரு பள்ளிப் பிள்ளையாக இருக்கக்கூடும். அதுவே கடை விரித்து விற்கும் நிறுவனமாக இருந்தால் விடாதீர்கள்.

கட்டாயமில்லை என்றாலும், பதிப்புரிமையைப் பதிவு செய்து வைத்தால் வழக்கில் அது முதல் ஆதாரமாக நிற்கும். இதற்காகக் கிண்டி அறிவுசார் சொத்து அலுவலகத்துக்குப் போனால் வேலை நடக்காது, அது காப்புரிமைக்கும் வணிகச் சின்னத்துக்குமான இடம். பதிப்புரிமைக்கு டெல்லி அலுவலகத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.